பட்டம் வாங்கிய மாடு

மூன்றாவது முட்டை என் தலையில் உடைந்தபோது நான் பன்னிரண்டாவது வரியில் இருந்தேன். இன்னும் நூற்றெட்டு வரி பாக்கி.

பட்டம் வாங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. காலையில் பேராசிரியர்கள் ஐந்து பேர் எழுந்து நின்று கைகுலுக்கினார்கள். வெளியே வந்ததும் ஆல்வீசேயும் இலாரியாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துப்போய், கறுப்பும் வெள்ளையுமாகத் தைத்த ஒரு மாட்டுத் தோலுக்குள் என்னைத் திணித்தார்கள். மடிக்கு ஒரு ரப்பர் கையுறையை ஊதிக் கட்டியிருந்தார்கள்.

நண்பர்களாம். மூன்று வருடம் கூடவே படித்தவர்களாம்.

வானியல் படிக்க வந்தவளுக்கு மாட்டு வேஷம். எந்தப் பண்ணையிலிருந்து தப்பித்தால் போதும் என்று வந்தேனோ, அதையே என் உடம்பில் மாட்டிவிட்டார்கள்.

இத்தாலியில் இந்தப் பதுவை ஊரில் பட்டம் வாங்கும் ஒருவரும் இதிலிருந்து தப்ப முடியாது. பிறந்த நாள் முதல் நேற்று வரை செய்த அசட்டுத்தனங்களை எல்லாம் நண்பர்கள் பாட்டாக எழுதி, கேலிப்படத்தோடு ஆள் உயரத்துக்கு அச்சடித்துச் சுவரில் ஒட்டுவார்கள். பட்டதாரி தெருவில் நின்று அதை உரக்கப் படிக்க வேண்டும். நாக்கு தடுக்கினால் ஒரு மடக்கு மது. அதுவும் கறியில் ஊற்றக்கூட லாயக்கில்லாத மது.

'மாட்டுப்பண்ணை நின்கேயின் மகா சரித்திரம்' என்று என் பெயரிலேயே தலைப்பு. பாட்டு முழுவதும் வெனிஸ் பக்கத்துக் கொச்சை. இந்த ஊர்க்காரனுக்கே நாக்கு சுளுக்கும். நானோ நெதர்லாந்தின் வடக்கு மூலையில் பிறந்தவள்.

"ஏய், தடுக்கிட்ட! குடி!" என்றாள் இலாரியா.

"தடுக்கலடி. மூச்சு விட்டேன்."

"மாடு எதிர்த்துப் பேசுமா? குடிங்க டாக்டரம்மா!" இந்த ஊரில் வெறும் பட்டம் வாங்கினாலே டாக்டர்தான்.

குடித்தேன். ஜூலை வெயிலில் அவர்கள் வீசிய முட்டையும் மாவும் கழுத்தில் காய்ந்து அடையாக ஒட்டிக்கொண்டிருந்தன.

முன்வரிசையில் அம்மா. ஒரு சொல் புரியாவிட்டாலும் எல்லோரும் சிரிக்கும்போது தானும் சிரித்தாள். அதைப் பார்க்க இன்னும் எரிச்சலாக இருந்தது.

அப்பா வரவில்லை. மாடுகளை யார் பார்ப்பது என்று சொல்லி அனுப்பியிருந்தார். இரண்டு நாளைக்கு ஆள் கிடைக்காமலா போய்விடும்?

நான் அவருக்கு ஒரே பிள்ளை. தொண்ணூறு மாடுகள். "வானத்துல போயி என்னத்த, பாலா கறக்கப் போற?" என்று கேட்டார். அதுதான் கடைசிப் பேச்சு. மூன்று வருடமாக என் கடிதங்களுக்குப் பதில் இல்லை. போன் செய்தால், என் குரல் கேட்டதும் அம்மாவிடம் நீட்டிவிடுவார்.

இன்றைக்காவது வருவார் என்று நம்பினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், காலையில் ஆய்வைப் பற்றிப் பேசும்போது மூன்று முறை கதவைப் பார்த்தேன்.

இதெல்லாம் இங்கே யாருக்கும் தெரியாது. வீட்டு விஷயம் ஊருக்கு எதற்கு?

வேகமாகப் படித்தேன். பிறக்கும்போதே வழுக்கைத் தலை. பள்ளி நாடகத்தில் மரமாக நிற்கச் சொன்னால் மேடையிலேயே அழுகை. எல்லாம் அம்மா கொடுத்த சரக்கு. இன்னும் கீழே, என் பெயருக்குப் பக்கத்தில் ஆல்வீசேயின் அண்ணன் பெயர் தெரிந்தது. கடவுளே.

அடுத்த நாலு வரியைக் கத்தித் தொலைத்தேன்.

ஒன்பது வயசில் டிராக்டரை எடுத்தாள்,
ஓட்டிப்போய் வாய்க்காலில் மூக்குவரை விட்டாள்;
ஓட்டினவன் நானென்று அப்பன் நின்றான்,
ஊர்ச்சிரிப்பும் பெண்டாட்டி வசவும் தின்றான்!

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள்.

எனக்கு அடுத்த வரி ஓடவில்லை.

"நிறுத்திட்டா! குடி! குடி!"

அந்த டிராக்டர் விஷயம் உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அன்றைக்கு அப்பா என்னை வாய்க்காலிலிருந்து தூக்கிக் கரையில் விட்டார். சேறு சொட்டச் சொட்ட அம்மா முன்னால் போய் நின்று, பிரேக் பிடிக்கவில்லை, என் தப்புதான் என்றார். அம்மா இன்றுவரை அதை அவருக்குச் சொல்லிக் காட்டுகிறாள்.

"இத உனக்கு யாரு சொன்னா?" என்று ஆல்வீசேயைக் கேட்டேன்.

"உங்கப்பாதான். போன வாரம் கதை பத்தலன்னு உங்க வீட்டுக்குப் போன் பண்ணேன். அம்மா எங்கேயோ போயிருந்தாங்க, அவர் எடுத்தாரு. அவரோட இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரிஞ்சுது. ஆனா ரெண்டு மணி நேரம் விடலையே மனுஷன்! மாட்டு வேஷம்கூட அவர் குடுத்த யோசனைதான். ஏன், தப்பாயிடுச்சா?"

நான் சுவரில் அந்த நாலு வரியைத் திரும்பவும் வாசித்தேன்.

"இப்பவும் லைன்லதான் இருக்காரு. மொத வரியிலேருந்து கேட்டுக்கிட்டிருக்காரு" என்று சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து என் காதில் வைத்தான்.

முதலில் ஒரு செருமல் கேட்டது. பிறகு எங்கள் ஊர் மொழியில், ரகசியம் பேசுகிற மாதிரி அடக்கிய குரலில் அப்பா கேட்டார்.

"புள்ள, உங்கம்மாவுக்கு ஒண்ணும் புரியலயே?"

சுற்றிலும் எல்லோரும் குடி குடி என்று கத்திக்கொண்டிருந்தார்கள். நான் மாட்டுத் தோலின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"புரியலப்பா" என்றேன்.