மஞ்சள் தெரியாத வெளிச்சம்

“இந்த லைட்டுலதான் ஏதோ பிழை இரிக்கி மிஸ். வேற ஒண்டு மாத்தித் தாங்க.”

நஸ்லின் கெஞ்சினாள். அவளது நான்கு நாள் குழந்தை, கண்கள் துணியால் மூடப்பட்டு, நீல வெளிச்சத்தின் கீழே காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. பால் கொடுக்க வசதியாகக் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்து விடப்பட்டிருந்தது.

தாதி துஷாந்தினியின் கையில் இரத்தப் பரிசோதனை முடிவு. மஞ்சள் காமாலையின் அளவு நேற்றுக் காலை பதினைந்து, இன்று பதினேழு. இருபதைத் தொட்டால் மட்டக்களப்புப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, குழந்தையின் இரத்தத்தையே மாற்ற வேண்டிவரும் என்று டொக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

நேற்றுக் காலை இந்த விளக்கைப் போட்டவள் துஷாந்தினிதான். எதையும் ஏன், எப்படி என்று சொல்லாமல் அவளால் விட முடியாது. தோலில் தங்கிய மஞ்சளை நீல ஒளி உருமாற்றிவிடும், பிறகு அது மலத்தோடும் சிறுநீரோடும் கழிந்துவிடும் என்றாள். பழைய விளக்குகள் சூடேறும், இந்த எல்.ஈ.டி. அப்படிச் சுடாது, அதனால் கிட்டவே வைக்கலாம் என்றாள். பால் கொடுக்க மட்டும் விளக்கை அணைத்துக் குழந்தையை வெளியே எடுக்கச் சொன்னாள்.

“இதுக்குள்ள வெச்ச உடன புள்ளட மஞ்சளக் காணல்லியே மிஸ்?” என்று நஸ்லின் அப்போதே கேட்டாள். மருதமுனையில் சாரி நூலுக்குச் சாயம் போடுகிறவள் அவள். நிறத்தில் ஒரு சொட்டுக் கூடினாலும் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

“நீல வெளிச்சத்துல மஞ்சள் தெரியாது தங்கச்சி. அணைச்சாத்தான் தெரியும்” என்று சொல்லிவிட்டு துஷாந்தினி மற்றக் கட்டிலுக்குப் போனாள்.

இன்று வேலைக்கு வந்ததும் இந்தப் பதினேழு. குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறதா என்று விசாரித்தாள். குடிக்கிறது. விளக்குக்கும் குழந்தைக்கும் இடையிலான தூரத்தை அளந்தாள். சரி. ஒளியின் பலத்தை அளக்கும் கருவியைப் பிடித்துப் பார்த்தாள். அதுவும் சரி.

“இவ்வளவு சின்ன உடம்பு மிஸ். இரத்தம் மாத்தினா தாங்குமா?” நஸ்லின் கேட்டாள்.

துஷாந்தினி விளக்கின் பின்பக்கம் குனிந்தாள். விளக்கு மொத்தம் எத்தனை மணித்தியாலம் எரிந்திருக்கிறது என்று காட்டும் சின்ன இலக்கம் அங்கே உண்டு. எல்.ஈ.டி.க்களை எப்போது மாற்றுவது என்று அறிய வைத்தது. நேற்றுப் பத்து மணிக்கு அவள் குறித்துவைத்தது 412. இப்போதும் பத்து மணி. பால் கொடுத்த நேரத்தைக் கழித்தாலும் 432 இருக்க வேண்டும்.

இருந்தது 424.

அவள் மெதுவாக நிமிர்ந்தாள். “தங்கச்சி, பால் குடுக்காத நேரமும் லைட்ட அணைச்சீங்களா?”

“ஓம் மிஸ், நீங்கதானே சொன்னீங்க. அணைச்சுப்போட்டு, நீலம் கண்ண விட்டுப் போகுமட்டும் அரை மணித்தியாலம் இருந்து, ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சுப் பார்ப்பன், நூலப் பார்க்கிற மாதிரி. ஒவ்வொரு தரமும் மஞ்சள் கூடித்தான் இருந்திச்சு, அதுதான் திரும்பத் திரும்ப அணைச்சுப் பார்த்தன்.”