துணி கட்டிய செடிகள்

மூடிப்போன பேட்டரி ஆலைக்குப் பின்னால் இருக்கும் புல்வெளியில், போன மாதம் சோதித்தபோது ஈயம் அளவுமீறி இருந்த ஏழு மூக்கிரட்டைச் செடிகளுக்கு மட்டும் சிவப்புத் துணி கட்டியிருந்தேன். மறுபடியும் இலை எடுத்துச் சோதிக்க வேண்டும். ‘பறிக்காதீர்’ என்று நான் நட்ட தகரப் பலகை ஏற்கெனவே யாரோ ஒருவரின் ஆட்டுக் கொட்டகைக்குக் கதவாகிவிட்டது. இன்று வந்து பார்த்தால் ஏழு செடிகளிலும் துணி இருக்கிறது, இலை இல்லை.

“ஆட்டை விட்டுட்டீங்களாக்கா?” என்று கத்தினேன்.

“விடுவனா? துணி கட்டுன செடிப் பக்கம் ஒரு ஆட்டையும் அண்ட விடல சார்,” என்றார் ஆடு மேய்க்கும் பாக்கியத்தாய். “மருமவ பிள்ள பெத்து இருவது நாளாச்சு. அவளுக்கு மட்டுந்தான் அதுல பறிச்சு ஆக்கிப் போடுதேன்.”

“ஐயோ, அது விஷம்க்கா!”

“விதைக்கு விடுத சுரைக்காய்க்குத்தான துணி கட்டுவோம்? விஷத்துக்கு யாராவது கட்டுவாவளா?”

தலையில் அடித்துக்கொண்டு, குனிந்து துணிகளை அவிழ்க்கத் தொடங்கினேன். பாக்கியத்தாய் பதறிப்போய் என் கையைப் பிடித்தார்.

“அவுக்காதீய சார். பெறவு நல்ல செடி எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”