காரம் குறைந்த சங்கரா

"புரட்டாசி மாசத்துல இந்த வீட்டுக்குள்ள முட்டையா?"

நாராயணசாமி போட்ட சத்தத்தில் மூலக்குளத்துத் தெருவே திரும்பிப் பார்த்திருக்கும். மருமகள் பூர்ணிமா, பிள்ளைக்காக வேகவைத்த ஒற்றை முட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

"பெருமாளுக்கு நேர்ந்துக்கிட்டவன் நான். ஒரு மாசம் வாயக் கட்ட முடியாதா உங்களால?"

மனைவி பார்வதி சாம்பாரைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் நம் பக்தர் 'பீச்சுல வாக்கிங்' என்று ஸ்கூட்டரை எடுத்தார். ஸ்கூட்டர் போய் நின்ற இடம் குருசுக்குப்பம், அமிர்தவல்லியின் மீன் வறுவல் கடை. கட்டின வாயை அங்கேதான் அவிழ்ப்பார். வருசா வருசம் இதே கதைதான்.

"என்னா அமிர்தவல்லி, இந்த வருசம் சங்கராவுல காரமே இல்ல? மொளகா வெல ஏறிப்போச்சா?"

"வயசாவுதுல்ல சார், கை தானா கொறையுது," என்று சிரித்தாள் அவள்.

குறை சொன்னாரே தவிர, இலையில் முள் மட்டும்தான் மிஞ்சியது.

மறுநாள் காலை அவருக்கு ரத்தப் பரிசோதனை. கொஞ்ச நாளாகவே வயிற்றில் எரிச்சல், நாலு வாய் சாப்பிட்டாலே உப்புசம். அவர் அண்ணன் வயிற்றில் புற்று வந்துதான் போனார். அந்தப் பயம் இவருக்குள்ளே உட்கார்ந்துவிட்டது. "மூணு நாளைக்கு மீன் மட்டும் கூடாது சார்," என்று டாக்டர் கவிநிலா முன்பே சொல்லியிருந்தாள். "புரட்டாசியில ஏது டாக்டர் மீனு?" என்று பெருமையாகச் சிரித்தவர் இவர்.

அடுத்த வாரம் ரிப்போர்ட் வந்தது. புருசனும் பெண்டாட்டியும் டாக்டர் முன்னால் உட்கார்ந்தார்கள்.

"நாம சாப்பிடறத உடம்பு செரிச்ச பிறகு ரத்தத்துல நுணுக்கமா சில பொருளுங்க தங்கும். மெட்டபோலைட்டுன்னு சொல்லுவோம். வயித்துல புத்து இருந்தா அதோட அளவு மாறலாம். அத வெச்சி முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமான்னுதான் எங்க ஆராய்ச்சி. உங்களுக்கு ஒரு அளவு ஏறியிருக்கு சார்."

நாராயணசாமிக்கு அண்ணன் கடைசியில் கஞ்சிகூட இறங்காமல் கிடந்தது கண்ணுக்குள் வந்து நின்றது.

"இத மட்டும் வெச்சி எதையும் முடிவு பண்ண முடியாது. மீன் சாப்பிட்டிருந்தாலும் இது ஏறும். ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"நானா? மீனா? புரட்டாசியிலயா?" கேள்வியெல்லாம் டாக்டரிடம், கண் மட்டும் பார்வதி மேல்.

"நல்லா யோசிச்சிச் சொல்லுங்க," என்றாள் பார்வதி.

"யோசிக்க என்னா இருக்கு? நம்ம வீட்டுல மீனு ஏது?"

டாக்டரின் முகம் மாறியது. "அப்ப கொஞ்சம் கவனமாத்தான் பாக்கணும்."

சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் பயத்திலேயே உயிர் போய்விடும் போலிருந்தது.

பார்வதி எழுந்தாள். "தொண்ட காயுது. தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன் டாக்டர்." கையில் இருந்த தண்ணீர் பாட்டிலை நாற்காலியிலேயே வைத்துவிட்டு வெளியே போனாள்.

கதவு மூடியதுதான் தாமதம்.

"சங்கரா, டாக்டர்! முந்தின நாள் சாயங்காலம், ரெண்டு! அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "இத மொதல்லயே சொல்லக் கூடாதா? சரி, மூணு நாள் நெஜமாவே மீன் தொடாம வாங்க, திரும்ப ரத்தம் எடுப்போம். உங்க அண்ணனுக்கு இருந்ததால வயித்துக்குள்ள கேமரா விட்டும் பாத்துடலாம்."

அந்த மூன்று நாளும் நாராயணசாமி உண்மையாகவே விரதம் இருந்தார். வீட்டில் யாரையும் அதட்டக்கூட இல்லை. பூர்ணிமாதான், மாமாவுக்கு என்ன ஆச்சோ என்று பயந்துபோனாள்.

முடிவு வந்தது.

"ரத்தம் சரியா இருக்கு சார். கேமராவுலயும் புத்து எதுவும் இல்ல. வெறும் புண்ணுதான், மாத்திரையில ஆறிடும்."

நாராயணசாமி அழுதேவிட்டார். பார்வதி அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் கண் நிறைந்து, வாயில் "பெருமாளே" என்ற ஒரு சொல்தான் வந்தது.

உயிர் வந்ததும் வீராப்பும் கூடவே வந்துவிட்டது மனிதருக்கு. "பாத்தியா பார்வதி? எல்லாம் என் வெரதத்தோட மகிமை!"

டாக்டர் குனிந்து சீட்டை எழுதினாள். "ஆனா அம்மா, சாருக்கு இனிமே காரம் ஆகாது. கொறச்சிடுங்க."

"வீட்டுல எப்பவோ கொறச்சாச்சி டாக்டர்," என்றாள் பார்வதி. "குருசுக்குப்பத்துல அமிர்தவல்லிகிட்டயும் புரட்டாசி பொறந்த அன்னிக்கே போய்ச் சொல்லிட்டு வந்துட்டேன்."