திறக்காமல் ஒரு கணக்கு

“எங்க பொண்ணோட ரத்த ரிப்போர்ட்ட அடுத்தவங்க கையில கொடுக்கிற பழக்கம் எங்க குடும்பத்துல இல்ல தம்பி,” என்றார் பரமசிவம், சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் தன் வீட்டு சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி.

அம்மாவோடு பெண் பார்க்க வந்திருந்த கபிலன் சிரித்தான். “யாரும் பார்க்க வேணாம் அங்கிள். பூட்டின தகவலைத் திறக்காமலே கணக்குப் போடுற சிப் இருக்கு. நாம கேக்கிற கேள்விய அதுக்குப் புரியிற கணக்கா மாத்துற கம்பைலர்தான் நான் எழுதுறேன். தலசீமியா ரத்தக்குறை ரெண்டு பேருக்குமே இருந்தாத்தான் பிள்ளைங்களுக்கு ஆபத்து. அத மட்டும் கேப்போம். யாருக்கு இருக்குன்னு எனக்கே தெரியாது.”

பரமசிவம் மகள் இனியாவின் ரிப்போர்ட்டைப் போனிலேயே பூட்டி அனுப்பினார். கபிலனும் தன்னுடையதை அனுப்பினான். ‘ஆபத்து இல்லை’ என்று பதில் வந்தது.

பரமசிவத்துக்கு நெஞ்சு நிறைந்தது. “நல்லது. அப்ப உங்களுக்கு அந்தக் குறை இல்ல தம்பி.”

“அத சிப் சொல்லலையே அங்கிள்,” என்றான் கபிலன் மெதுவாக. “இனியாவுக்கு இருக்குன்னு தெரிஞ்சவங்களுக்குத்தான் அது தெரியும்.”

நிமிர்ந்திருந்த முதுகு மெல்ல சோபாவில் சாய்ந்தது. பரமசிவம் யாரையும் பார்க்கவில்லை.

கபிலனின் அம்மா கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினார். “டீ ஆறுது லா, குடிங்க சம்பந்தி. கோயில் மண்டபத்தை இப்பவே புக் பண்ணாத்தான் கிடைக்கும்.”