பின்கதவில் ஒரு பெயர்

“இந்தப் பேரை எடுக்கணும். ஒரு எழுத்துகூடத் தெரியக் கூடாது.”

செந்தூர்வேல் தன் குட்டியானை வண்டியின் பின்கதவைத் தட்டிக் காட்டினார். நீலப் பெயின்டின் மேல், மஞ்சள் ஸ்டிக்கரில், முழ நீளத்துக்கு ‘பானுப்ரியா’ என்று இருந்தது.

ஸ்டிக்கர் கடையில் வேலை பார்க்கும் ஷெர்லினுக்கு உடனே புரிந்துவிட்டது. உப்பு மூட்டை ஏற்றும் அந்த வண்டியை யாரும் நம்பர் சொல்லிக் கேட்டதில்லை. ‘பானு வண்டி’ என்றால்தான் தெரியும். அவர் மகளான அந்தப் பானு போன வாரம் கடற்கரைத் தெரு மீனவப் பையன் இனிகோவோடு போய்விட்டாள். பெற்ற அப்பாவான இவர் தெருவில் நின்று, “எனக்கு மகளே கெடையாது” என்று நாலு குடம் தண்ணீரை ஊற்றித் தலை முழுகினார். ஊரே பார்த்தது.

“ஏன் அண்ணாச்சி, ஆசையா ஒட்டின பேருல்லா?” என்றாள் கூட வேலை பார்க்கும் விஜிலா.

“எடுன்னா எடும்மா. பத்து மணிக்குள்ள வண்டி வேணும்.”

“அப்படி என்ன அவசரம்? பேரு என்ன, கடிக்கவா செய்யுது?”

அவர் எதிர் டீக்கடை வாசலில் போய், டீகூடச் சொல்லாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“பாத்தியா ஏளா,” விஜிலா பொருமினாள். “நம்ம கருவாட்டுக்கு உப்பு விக்கும்போது இனிக்கி. நம்ம பையன் மருமகனா வந்தா மட்டும் கசக்கி.”

ஷெர்லின் ஹீட் கன்னால் ஸ்டிக்கருக்குச் சூடு காட்டினாள். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல அவளுக்குப் பேச வராது. மனசுக்குள் மட்டும் நன்றாக ஏசுவாள். ‘பெத்த பிள்ளைய விட ஊர் வாய் பெரிசாப் போச்சு. இவரெல்லாம் ஒரு அப்பா!’

எழுத்துகள் ஒவ்வொன்றாக உரிந்து வந்தன. ஒட்டியிருந்த பசையை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தாள். அப்படியும் பெயர் போகவில்லை. பத்து வருஷ உப்புக்காற்றிலும் வெயிலிலும் கதவு முழுக்க வெளிறியிருக்க, ஸ்டிக்கர் மூடியிருந்த இடம் மட்டும் புதுக் கருநீலமாக ‘பானுப்ரியா’ என்றே நின்றது. பெயின்டை மெருகேற்றும் காம்பவுண்டு பூசி அரை மணி நேரம் தேய்த்தால் எல்லாம் ஒரே நிறமாகிவிடும்.

காம்பவுண்டு டப்பாவை எடுத்தவள், திறக்காமலே கீழே வைத்தாள்.

“தேய்க்கலியா?” என்றாள் விஜிலா.

“எதுக்கு? மக பேரை அழிக்க வந்தவரு, போற எடமெல்லாம் அவ பேரைச் சுமந்துக்கிட்டே போட்டும்.”

“அடிப்பாவி! உன்னய ஊமைக் கோட்டான்னுல்லா நெனச்சேன்!”

விஜிலா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, ஷெர்லின் ஒரு வாளித் தண்ணீரைக் கதவின் மேல் வீசினாள். ஈரம் இருக்கும்வரை எழுத்து தெரியாது. காய்ந்ததும் எழும்பி வந்துவிடும். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான்.

செந்தூர்வேல் ஓடி வந்தார். குனிந்து, ஒருதரம் இந்தப் பக்கமும் ஒருதரம் அந்தப் பக்கமுமாகப் பார்த்தார்.

“சுத்தமாப் போயிட்டாம்மா?”

“போயிட்டு அண்ணாச்சி. துடைக்காதீங்க, தானாக் காயட்டும்.”

பில் புத்தகத்தில் தன் செல் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு, “நல்லா இருப்ப தாயி” என்று கையெடுத்துக் கும்பிட்டார். வண்டி பறந்தது.

“பிள்ள பேரு தொலைஞ்சதுல மனுசனுக்கு எம்புட்டு சந்தோஷம் பாரு!” என்று விஜிலா காறித் துப்பினாள்.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். இரண்டு பைக்குகள் கடை வாசலில் வந்து நின்றன. நாலு பேர். முன்னால் வந்தவனை ஷெர்லினுக்குத் தெரியும். பானுவின் தாய்மாமன் மகாராஜன். பைக் டேங்கின் மேல் சாக்கில் சுற்றிய ஏதோ ஒன்று நீளமாக இருந்தது.

“பானு வண்டி இங்கன வந்துச்சா?”

“வரலியே. என்ன விஷயம்?” என்றாள் விஜிலா.

“என்ன விஷயமா? ஊரு கண்ணு முன்னால தல முழுகினாருல்லா எங்க மச்சான், அம்புட்டும் நடிப்பு! அவளையும் அந்தப் பயலையும் ஒரு வாரமா உப்பளத்துக் கொட்டகையில வச்சு சோறு போட்டிருக்காரு. இன்னைக்கு மூட்டைக்கு நடுவுல உக்கார வச்சு, செங்கோட்டை தாண்டிக் கேரளாவுக்குக் கொண்டு போறாரு.”

அவன் செல்லைக் காதில் வைத்தான்.

“ஏலே, கயத்தாறு விலக்கு ரோட்டுலயே நில்லுங்க. நம்பர் எவனுக்குத் தெரியும்? பின்னால பேரைப் பாத்து மறிங்க. ரெண்டு பேரையும் கீழ எறக்கி வைங்க. மிச்சத்த நான் வந்து பாத்துக்கிடுதேன்.”

பைக்குகள் சீறிக்கொண்டு போயின.

ஷெர்லின் பில் புத்தகத்தைப் புரட்டினாள். நம்பரை இரண்டு தரம் தப்பாக அழுத்தி, மூன்றாவது தரம்தான் மணி அடித்தது.

“ஆரு?” என்றது செந்தூர்வேலின் குரல்.

“ஸ்டிக்கர் கடை ஷெர்லின்...”

“சொல்லு தாயி. உன் புண்ணியத்துல ஒட்டப்பிடாரம் தாண்டிட்டோம். வழியில ஒரு பய திரும்பிப் பாக்கல. எம் மக இப்பத்தான் ஒரு வாய் சாப்பிடுதா.”

“கயத்தாறுக்குப் போகாதீங்க அண்ணாச்சி, வண்டிய அங்கனயே ஓரங்கட்டுங்க. அந்தப் பேரு இன்னும் போகல. உங்கள மனுசனா மதிக்காம, நான்தான் வேணும்னே விட்டு வச்சேன்.”