இரண்டு விரல் சாய்வு

"இந்தச் சாய்வை இரண்டு விரல் குறைச்சிடலாம். லாரியில நிறைய அடுக்கலாம்" என்றான் மிலானிலிருந்து வந்த புது இன்ஜினியர்.

எர்மினியாவின் கையில் ஊசி நின்றது.

மிலானுக்குப் பக்கத்து மேதா ஊரின் அந்தப் பட்டறையில்தான் இந்த நாற்காலி பிறந்தது. முதல் உறையைத் தைத்தவள் அவள். இன்றும் அவள்தான் தைக்கிறாள்.

அப்போதெல்லாம் நாற்காலி மெத்தை என்றால் ஸ்பிரிங்கும் குதிரைமுடியும்தான். டயர் ரப்பரை உள்ளே வைக்கப்போகிறார்கள் என்றதும் ஊரே சிரித்தது. மதியம் பொலெந்தா என்னும் சோளக் களி கிண்டினால்கூட ரப்பர் வாடைதான் அடிக்கும். அதெல்லாம் எவ்வளவு நல்ல நாட்கள்!

முதலாளி பிராம்பில்லாவுக்கு அளவுகோலில் நம்பிக்கை கிடையாது. ரப்பர் பட்டைகளை இழுத்துக் கட்டி, நுரை ரப்பரைப் பரப்பி, ஆளை உட்காரவைத்து முதுகைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ப்பார். எந்த இடத்தில் "அப்பாடா" வருகிறதோ, அங்கே திருகாணியை முறுக்குவார்.

ஆண்கள் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தார்கள். கேலிதான் வந்தது, அப்பாடா வரவில்லை.

கடைசியில் எர்மினியா உட்கார்ந்தாள். "அப்பாடா!"

அந்தச் சாய்வுதான் இன்று பல் டாக்டர் வீட்டிலும் இருக்கிறது, மந்திரி வீட்டிலும் இருக்கிறது.

"அதைத் தொடாதீங்க" என்றாள் இப்போது.

"ஏம்மா? காரணம் சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

அவள் எழுந்துபோய் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தாள். சாய்ந்ததும் இரண்டு கைகளும் தாமாகவே வயிற்றின்மேல் போய்ச் சேர்ந்தன.

"இதென்ன, நாற்காலி மறியலா?" இன்ஜினியர் சிரித்துவிட்டான்.

பக்கத்தில் நின்ற பிராம்பில்லா சிரிக்கவில்லை. அன்று திருகாணியை முறுக்கியவர் அவர்தானே.

அன்று எர்மினியாவுக்கு எட்டாம் மாதம். உள்ளே பிள்ளை புரண்டு வசதியாகப் படுத்துக்கொண்டபோதுதான் அவளுக்கு அப்பாடா வந்தது. அடுத்த மாதம் சர்ச்சுக்குப் போன வெள்ளைச் சவப்பெட்டியை பிராம்பில்லா ஒருவரே கையில் ஏந்திக்கொண்டு போனார். அவ்வளவு சின்னது.

"லாரி இன்னொரு நடை போகட்டும்ப்பா" என்றார், அவள் பக்கம் திரும்பாமல். "அது ரெண்டு பேருக்கு எடுத்த அளவு."

இன்ஜினியர் நாற்காலியை மறுபடியும் பார்த்தான். எப்படிப் பார்த்தாலும் அதில் ஒருவர்தான் உட்கார முடியும்.