பதம் வந்த போர்வை

மாமா குளித்துவிட்டு வருவதற்குள் இதை உள்ளே கொண்டுபோய்விட வேண்டும்.

அவள் கொடியிலிருந்து கிளிப்புகளை ஓசைப்படாமல் கழற்றினாள். வெள்ளைப் பருத்திப் போர்வை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளோடு இருப்பது. துவைத்துத் துவைத்து, இப்போது கையில் எடுத்தால் எடுத்ததே தெரிவதில்லை.

இந்த வீட்டில் எந்தத் துணியும் கிழிவதில்லை. அதற்கு முன்பே பதம் வந்துவிடுகிறது.

பதம் வந்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்பவர் அவளுடைய மாமனார். அவரிடம் ஓர் இழுப்பறை நிறையப் பாக்கெட் கடிகாரங்கள் இருக்கின்றன; அவற்றைத் துடைக்க வெளுத்து மெலிந்த பழந்துணிதான் வேண்டும். கடையில் விற்கிற மருந்து தடவிய துணியை வாசற்படி ஏறவிட மாட்டார். அழுக்கோடு வெள்ளி முலாமையும் சேர்த்துத் தின்றுவிடுமாம். நைலான் கூடாது, கீறும். தையல் கூடாது. பொத்தான் கூடாது. வாசனைத் திரவத்தில் அலசியது கூடவே கூடாது, மூடிமேல் எண்ணெய்போலப் படியும். இத்தனையிலும் தேறிய துணியை மேலுதட்டில் தேய்த்துப் பார்ப்பார். அப்போது அவர் கண்கள் தாமாக மூடிக்கொள்ளும்.

கட்டியவளின் கன்னத்தைக்கூட இந்த மனுஷன் இப்படித் தொட்டுப் பார்த்ததில்லை என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அத்தை சொல்லிச் சிரிப்பாள்.

போன வருடம் அவள் கணவன் நேர்முகத் தேர்வுக்கு எடுத்துவைத்திருந்த சட்டை, காலையில் மேஜைமேல் சதுரம் சதுரமாக அடுக்கியிருந்தது. காலர் மட்டும் தனியாக. பனியனோடு நின்ற மகனிடம், அது எப்போதோ பழுத்துவிட்டது, நீதான் கவனிக்கவில்லை என்றார் மாமா. பக்கத்து வீட்டுக்காரரின் சட்டையில் போய்த்தான் அந்த வேலை கிடைத்தது. அந்த வேலைதான் இப்போது அவனை மாதத்தில் பாதி நாள் வெளியூரில் வைத்திருக்கிறது.

இந்தப் போர்வைமேல் மாமாவுக்கு வெகுநாளாகக் கண்.

அதிலும் சில வாரங்களாக அவள் அதைப் பார்த்துக்கொண்ட விதம் அவரை உருக்கிவிட்டது. மற்ற துணிகளோடு சேர்க்காமல் தனியாக அலசினாள். வாசனைத் திரவத்தைத் தொடவில்லை. ஓரத் தையலைப் பிரித்தாள். முனையில் தைத்திருந்த கம்பெனிச் சீட்டை ஒரு நூல்கூட மிஞ்சாமல் வெட்டி எடுத்தாள். ஒருநாள் கன்னத்தில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி அப்படியே நின்றாள். ஜன்னல் வழியாகப் பார்த்த மாமா, மருமகள் தேறிவிட்டாள் என்று அத்தையிடம் பெருமையடித்துக்கொண்டாராம்.

கேட்டபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாவமாகவும் இருந்தது. இவ்வளவு சந்தோஷமாகத் தப்பாக நினைக்கிறவரை எப்படித் திருத்துவது?

கடைசிக் கிளிப்பில் கை வைக்கும்போது பின்னால் செருப்புச் சத்தம்.

ஈரத் தலை. ஒரு கையில் கத்தரிக்கோல். இன்னொரு கையில், அவருடைய செல்லக் கடிகாரம்.

போர்வையின் நுனியை எடுத்து மேலுதட்டில் தேய்த்தார். கண்கள் மூடிக்கொண்டன.

"வந்துடுச்சும்மா. குடு, வெட்டிக்கலாம்."

சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் கணவன் சனிக்கிழமைதான் வருகிறான். ஃபோனில் சொல்ல மனமில்லாமல் அவனுக்கென்று பொத்தி வைத்திருப்பதை மாமாவிடம் முதலில் சொல்வதா? அவரிடம் சொன்னால் அத்தைக்குத் தெரியும். அத்தைக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரியும்.

மாட்டேன் என்று தலையை மட்டும் அசைத்தாள்.

மாமாவின் முகம், சாவி கொடுக்க மறந்த கடிகாரம்போல நின்றுவிட்டது. பிறகு பேரத்தில் இறங்கினார். பாதி தரக்கூடாதா? கால்வாசி?

"சரி, ஒரு மூலை. ஒரே ஒரு சாண் போதும்மா."

ஒரு சாண்.

அலமாரியில், அவள் துணிகளுக்கு அடியில், இந்தப் போர்வையின் ஜோடித் தலையணை உறையை வெட்டிக் கையால் தைத்த சட்டை ஒன்று இருக்கிறது. பொத்தானுக்குப் பதில் நாடா. தையல் உடம்பில் உறுத்தாமல் இருக்க வெளிப்பக்கமாக. அளந்தால் சரியாக ஒரு சாண்தான் இருக்கும். அதைப் போட்டுக்கொள்ளப் போகிறவர் வந்துசேர இன்னும் ஆறு மாதம் ஆகும்.

போர்வையை மடித்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அந்தச் சாணும் வேணும் மாமா," என்றாள் மெதுவாக.